பூ மூட்டைக்குக் காவல்

வடமதுரைப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவருக்கும் மல்லிகைத் தோட்டம். மூவரும் மூன்று பைக்கில், ஒரே சாலையில், ஒருவர் பின்னால் ஒருவராகத் திண்டுக்கல் பூச்சந்தைக்குப் போவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சித்தி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"மூணு வீட்டுப் பூவையும் ஒரு வேன்ல ஏத்தி, ஒருத்தர் போனாப் பத்தாதா? மத்தவுக இன்னும் செத்த நேரம் பறிக்கலாம்ல?"

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியலில் அவளே ஒரு மினி வேனை வரவழைத்துவிட்டாள்.

யார் போவது? பெரியப்பா போனால் தன் வாடல் பூவை எங்கள் பூவோடு கலந்துவிடுவார் என்றார் அப்பா. அப்பாவைப் பற்றிப் பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். சித்தப்பா டீக்கடையைத் தாண்டமாட்டார் என்பதில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் அப்படியோர் ஒற்றுமை! கடைசியில் மூவரும் ஏறினார்கள். துணைக்குப் பெரியம்மா ஏறினாள். அதைப் பார்த்த அம்மா ஒன்பது வயதான என்னைத் தூக்கி உள்ளே போட்டாள்.

"நம்ம மூட்டை மேல யாரையும் ஒக்கார விடாத, புள்ள."

இந்த ரகளையில் வெயில் ஏறிவிட்டது. வண்டியில் பூவைவிட ஆட்கள் அதிகம். எங்கள் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஓரத்தில் இடமிருந்தும், வேண்டுமென்றே பெரியப்பா மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். பாதி வழியில் பெரியம்மா அதைக் கண்டு கத்த, வண்டியை நிறுத்தி நடுரோட்டில் சண்டை. போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த வியாபாரி மூட்டைகளைப் பிரித்து மோந்துவிட்டு, "வெந்து போச்சேப்பா, இத எவன் வாங்குவான்?" என்று நகர்ந்துவிட்டார். மூன்று வீட்டுப் பூவும் அங்கேயே குப்பைக்குப் போனது.

வீட்டில் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "அண்ணன் பூவுதான் கூழாப் போச்சு. நம்மளுது அம்புட்டு மோசமில்ல." அம்மா என் கன்னத்தைத் தடவி, "கெட்டிக்காரி" என்றாள்.

அந்தப் பெருமையைச் சொல்லச் சித்தியிடம் ஓடினேன். யார் மேல் உட்கார்ந்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமாடி?"

பூ வீணான கோபத்தை என்மேல் காட்டுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.