மயில்சாமியின் விமானக் கேமராவுக்கு மதிப்புக் கேட்கப் போனது

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து கொமரலிங்கம் போய் வந்தேன். அமராவதி ஆற்றில் குளிக்கவும் இல்லை, கோயில் பார்க்கவும் இல்லை. பதினோரு கிலோ எடையுள்ள ஒரு பழைய ராணுவக் கேமரா என்ன பெறும் என்று கேட்கப் போனேன். விமானத்தில் பொருத்தி மேலிருந்து தரையைப் படம் எடுப்பார்களே, அந்த வகை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் இதைப் படியுங்கள். கிடக்காவிட்டாலும் படியுங்கள், காசா கேட்கிறேன்?

கேமரா என் நண்பன் மயில்சாமியுடையது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏலத்தில் பதினெட்டாயிரம் கொடுத்து எடுத்தான். அதற்காக நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்றை விற்றான். "இது சாதாரணச் சாமான் இல்லடா" என்பான். நான் பழைய பின்னல் மெஷின்கள் வாங்கி விற்கிறவன். இரும்பைப் பற்றி எனக்கே சொல்கிறானே என்ற திமிர் எனக்கு. ஏமாந்து வாங்கிவிட்டான் என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவனுக்கு ஏரோப்ளேன் என்று பேர் வைத்தேன். "ஏரோப்ளேன் எறங்குது, ஓரமா நில்லுங்கப்பா" என்றால் கடையே சிரிக்கும். அவனும் சிரிப்பான். போகப் போகக் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

அவன் மனைவி சாந்தாமணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஆனி கடைசியில் என் கடைக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, அந்தக் கேமராவப் பத்தித் தெரிஞ்சவங்க ஆராச்சும் இருக்காங்களா? விக்கோணும்னு இல்லீங்க. அவரு ஏமாந்துட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியோணும். அவ்வளவுதானுங்க."

விசாரித்ததில், விமானப்படையில் கேமரா பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஜெபராஜ் என்பவர் கொமரலிங்கத்தில் இருப்பது தெரிந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பெண் எடுத்த ஊரில் தங்கிவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

சனிக்கிழமை கேமராவை என் பட்டறைக்குத் தூக்கி வந்தேன். எங்கள் தொழிலில் எந்த மெஷினையும் வந்த கோலத்திலேயே விலைக்கு நிறுத்த மாட்டோம். குளித்து, பவுடர் போட்டுத்தான் மணமேடை. மண்ணெண்ணெயில் கழுவினேன். சுருக்கம் சுருக்கமாக இருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாம்பல் பெயிண்ட் அடித்தேன். பாதி எழுத்து மங்கிப்போன தகட்டை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி ஆக்கினேன். லென்ஸ் மட்டும் டீத்தண்ணி நிறத்தில் மஞ்சளாக இருந்தது. திருப்பூரில் மஞ்சளைப் பார்த்தால் எங்களுக்கு ஆயில் கறை என்றுதான் தோன்றும். கறை இருந்தால் பீஸ் ரிஜெக்ட். துணிக்கு அடிக்கும் கறை மருந்தை அடித்துப் பார்த்தேன், போகவில்லை. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்தேன். செத்துப்போன நண்பனுக்கு ஓசியில் செய்த வேலை. மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஞாயிறு காலை சாந்தாமணியும் கூட வந்தாள். 7.10க்குத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் உடுமலை பஸ். பல்லடம் வழி, அறுபது கிலோமீட்டர், ஆளுக்கு 52 ரூபாய். வெள்ளைத் துணி சுற்றி மடியில் வைத்திருந்ததைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னங்க அது, குண்டா?"

"இல்லீங்க, மாப்பிள்ளைக்குச் சீர்."

"இந்த வெயிட்டுக்கு மாப்பிள்ளைக்கே டிக்கெட் போடலாமுங்க" என்று லக்கேஜுக்கு 26 ரூபாய் கிழித்தார். நக்கலில் எனக்கு மேல் இருக்கிறார் மனிதர்.

9.15க்கு உடுமலை. இட்லி சாப்பிட்டுவிட்டு 9.50க்குக் கொமரலிங்கம் டவுன் பஸ், பதினாறு கிலோமீட்டர். எனக்கு 13 ரூபாய், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதால் சாந்தாமணிக்கு இலவசம். தென்னையும் நெல் வயலும் தாண்டி 10.35க்கு இறங்கினோம். ஜெபராஜ் வீடு நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை.

துணியைப் பிரித்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஃபிலிம் பெட்டியைக் கழற்றி உள்பக்கம் டார்ச் அடித்து ஒரு எண்ணை வாசித்தார். உடலின் உள்ளேயும் தேடி அதே எண்ணைக் கண்டுபிடித்தார். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு அண்ணாச்சி தொடச்சது?"

"நானேதானுங்க" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

அவர் உட்கார்ந்தார். "இது உலகப்போர் காலத்துச் சாமான். பெட்டியும் உடலும் ஒரே நம்பரு. அப்படி ஜோடி பிரியாமக் கெடைக்கது அபூர்வம். இந்த மஞ்சள் அழுக்கு இல்ல, பாத்துக்கிடுங்க. அந்தக் காலத்துல கண்ணாடிய உருக்கும்போதே ஒரு பொருளக் கலப்பாங்க. வருசம் ஆக ஆக உள்ளேயே மஞ்சளாவும். மஞ்சள் இருந்தாத்தான் அசல் லென்ஸுன்னு அர்த்தம். சேகரிக்கிறவன் மொதல்ல அதத்தான் பாப்பான். அப்புறம் தகடு, அப்புறம் அசல் பெயிண்டு. தொடைக்காம அப்படியே கொண்டாந்திருந்தா நானே அறுபதாயிரத்துக்கு ஆள் காட்டியிருப்பேன்."

"இப்போங்க?"

"லென்ஸ்ல மூடுபனி மாதிரி தேய்ச்சிட்டிய. ஓட்டல்ல அலங்காரத்துக்கு வைக்கலாம். நாலாயிரம் சொல்லுதேன்."

நான் சாந்தாமணியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள்தான் முன்னால் வந்து கேட்டாள்.

"அப்ப அவரு ஏமாறலீங்களே?"

"ஏமாறதாவது! நல்ல கண்ணும்மா ஒங்க வீட்டுக்காரருக்கு."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஜெபராஜ் மோர் கொண்டுவரச் சொன்னார். நான் கேமராவை மறுபடி துணியில் சுற்றினேன்.

1.20 பஸ்ஸில் திரும்பினோம். பல்லடம் வந்ததும் சாந்தாமணி கேட்டாள்.

"ஏனுங்ணா, கண்டக்டர்கிட்டக்கூட வம்பிழுக்கல. ஒடம்பு சரியில்லீங்களா?"

"அம்மிணி, நான்தான் கெடுத்துப்போட்டேன்."

"கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்." சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பொருளு போனாப் போகுதுங்க. நாலு பேரு முன்னாடி அவர ஏமாளியாக்குனீங்க. அன்னைக்கெல்லாம் ஊட்டுக்கு வந்து சோறு திங்காமப் படுத்துக்குவாரு. அந்த நாலு பேரு முன்னாடியே இதையுஞ் சொல்லிப்போடுங்க."

இனி, போக நினைப்பவர்களுக்கு. காலையிலேயே கிளம்புங்கள், உடுமலையிலிருந்து டவுன் பஸ் மதியத்தில் குறைவு. பழைய கேமராவைத் துடைக்காதீர்கள். தூசியைக்கூட ஊத வேண்டாம், ஏல ரசீது இருந்தால் கூடவே எடுத்துப்போங்கள். மஞ்சள் லென்ஸைத் தொடாதீர்கள். துரு, கீறல், மங்கின எழுத்து எல்லாவற்றையும் அப்படியே தெரிந்தவர் கண்ணில் காட்டுங்கள். அதை வாங்கினவரும் பக்கத்தில் இருக்கும்போதே காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

திங்கட்கிழமை காலை டீக்கடைக்குப் போனேன். அதே ஆட்கள், அதே பெஞ்சு. எழுந்து நின்று சொன்னேன்: "மயில்சாமி ஏமாறல. அது அறுபதாயிரம் பெறும் சாமான். நான் பாலிஷ் போட்டு நாசம் பண்ணிட்டேன்."

கடையே சிரித்தது. "செத்தும் அவன வுடமாட்டியா நீயி!" என்று ஒருவன் என் முதுகில் தட்டினான். இரண்டாம் முறை சொன்னேன். டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். என் வாயிலிருந்து வந்தால் எதுவும் அவர்களுக்கு வேடிக்கைதான். இருபது வருடமாக நானே பழக்கி வைத்தது.

வாயால் சொல்லி ஆகவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மயில்சாமி ஏமாறவில்லை.