கொப்பியில் இல்லாத பெரிய மீன்

இல்-பிசார் தீவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில் ஸ்மோல்மவுத் பாஸ் மீன்குஞ்சுகளை விட்டு ஐந்து வருடமாகிறது. கோடையில் ஞாயிறுதோறும் தூண்டிலில் பிடிப்பேன். திரும்ப விடுகிற மீன்களை அளந்து கொப்பியில் எழுதுவேன். முதல் இரண்டு வருடம் வளர்ந்தன. பிறகு ஒரு சாணைத் தாண்டவே மாட்டோம் என்று அடம்பிடித்தன. எரிச்சல் தலைக்கேறி, குஞ்சு விற்ற பண்ணைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் விற்றது வளராத இனம் என்று கத்தினேன்.

பாவம், மனிதர் நேரிலேயே வந்துவிட்டார். குளத்தைச் சுற்றிப் பார்த்தார், கொப்பியைப் புரட்டினார். காரணம் ஒன்றும் பிடிபடவில்லை.

கோபம் ஒருபக்கம் இருந்தாலும் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? காலையில் பிடித்துப் பொரித்ததில் பெரிய மீனை நானே எடுத்து அவருக்கு வைத்தேன். தலையும் வாலும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவர் மீனையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். இது எந்தக் குளத்து மீன் என்று கேட்டார்.

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாற ஆக்களுக்கெல்லாம் பெரிசாப் பாத்துப் பிடிச்சுக் குடுத்தா, குளத்தில சின்னன்தானேயப்பா மிஞ்சும்? இந்த மனுசனை ஏன் ஏசினனீங்கள்?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

நான் எழுதாமல் விட்டதெல்லாம் நடக்கவேயில்லை என்று எவ்வளவு உறுதியாகக் கத்தியிருக்கிறேன்! இன்றும் விருந்தாளிக்குப் பெரிய மீன்தான். அந்தப் பழக்கம் போகாது. ஆனால் அளந்து எழுதிவிட்டுத்தான் அடுப்படிக்குக் கொடுக்கிறேன்.