விலை குறைந்த பச்சை

கேட்ட தகுதிகள் எல்லாம் உள்ள பொருள்களில் விலை குறைந்ததை வாங்க வேண்டும். வாங்கும் நோக்கத்துக்கு அது உதவாது என்று தெரிந்தால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு விலை கூடியதை வாங்கலாம். அலுவலகக் கொள்முதல் விதியின் சாரம் இவ்வளவுதான். முதல் வாக்கியத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாவதைப் பயன்படுத்திய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காரணம் எழுதினால் தணிக்கைக்காரர் கேள்வி கேட்பார். மலிவான நாற்காலி உடைந்தால் உட்கார்ந்தவர் விழுவார், கேள்வி வராது.

தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என் சொந்தப் பணத்தில், எந்தத் தணிக்கையும் எட்டிப் பார்க்காத ஒரு காரியத்துக்கு இந்த விதியைக் கடைப்பிடித்தேன். வாங்கியது ஓர் ஆக்‌ஷன் கேமரா. பைக்கில் பறக்கிற பையன்கள் ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டு திரிவார்களே, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியதாக, அது.

என் தம்பிக்காக வாங்கினேன். போடிமெட்டைத் தாண்டி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கச் சரிவில் அவனுக்கு ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. நான் படித்துவிட்டுக் கோப்புகளோடு உட்கார்ந்தேன். அவன் என்னைவிட ஒரு பட்டம் அதிகம் படித்துவிட்டு ஜீப்பில் ஏறினான். வாரத்தில் நான்கு நாள் மலையில் இருப்பான். தை மாதம் ஒரு காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. வலது கையும் வலது காலும் போயின. வாய் சற்றுக் கோணியது. பேச்சு மட்டும் எப்படியோ தப்பித்தது. மலை தெரியும்படி ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். மலை நன்றாகத் தெரிந்தது. தோட்டம் அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த ஆண்டுக் கோடை ஏலக்காட்டை எரித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. தோட்டத்து சூப்பர்வைசர் மட்டும் வாராவாரம் போனில் ஒரு படம் அனுப்பி, "கொழப்பமில்ல முதலாளி" என்று, கவலை வேண்டாம் என்பதை மலையாளத்தில் சொல்லிக் குரலும் பதிந்து அனுப்புவார். படத்தில் ஒரு செழிப்பான ஏலச்செடி இருக்கும். பின்னால் ஒரு நீல நிறத் தண்ணீர் டிரம் இருக்கும். எல்லாப் படத்திலும் அந்த டிரம் இருந்தது.

"இந்த ஒத்தச் செடிக்கு மட்டும் தண்ணி ஊத்தி வளக்குறான்ண்ணே," என்றான் தம்பி. "பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்சனுக்கு ஒரு பயல மட்டும் பாடம் படிக்க வச்சு நிறுத்துவாகள்ல, அது மாதிரி."

இதற்கிடையில் போடியின் ஏலக்காய் வியாபாரி ஒருவர் தோட்டத்தை விலைக்குக் கேட்டிருந்தார். ஆடியில் யாரும் கிரயம் முடிக்க மாட்டார்கள். ஆதலால் ஆனி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார். ஆவணியில் தன் மனமும் விலையும் மாறியிருக்கும் என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தம்பிக்கு விற்க மனமில்லை. செத்த தோட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நீ எதப் பாப்ப? உனக்கு ஏலத்துக்கும் காட்டு இஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குக் காட்டு. பாக்குற சோலிய நான் பாத்துக்கிறேன்."

ஏலச்செடியின் உயிர் தலையில் இல்லை, அடியில் இருக்கிறது. மேலே தட்டைகள் காய்ந்தாலும் தரையோடு ஒட்டிய கிழங்கு பிழைத்திருந்தால், மழை விழுந்ததும் புதுக்குருத்து வெடிக்கும். சிம்பு என்பார்கள். அதைப் பார்க்கக் குனிந்து, இரண்டு கையாலும் தட்டைகளை விலக்க வேண்டும். செங்குத்தான சரிவில் கையில் போனைப் பிடித்துக்கொண்டு என் வயதில் இதைச் செய்ய முடியாது. நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கேமரா தேவைப்பட்டது இப்படித்தான்.

தேவைகளை நான்காக வகுத்தேன். கைகள் இரண்டும் ஓய்வாக இருக்க வேண்டும். மழையில் நனையலாம். நடக்கும்போது படம் ஆடக் கூடாது. ஒரு முறை சார்ஜ் போட்டால் தோட்டத்தைச் சுற்றி முடிக்கும்வரை தாங்க வேண்டும். பிறகு முறைப்படி மூன்று விலைப்புள்ளிகள் வாங்கினேன். ஒன்று இணையத்தில் பார்த்தது. ஒன்று பஸ் நிலையத்தருகே செல்போன் கடையில் கேட்டது. மூன்றாவது, கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் விற்க வைத்திருந்த பழைய கேமரா. நல்ல கம்பெனியுடையது, ஆனால் மற்ற இரண்டின் விலையையும் கூட்டினால்தான் அதன் பக்கத்தில் நிற்கும்.

ஸ்டுடியோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், இது மெட்டுக் கொண்டை ஊசியில வீலிங் விடுற பயலுக கேக்குற சாமான். நீங்க என்ன ஸ்டண்டு பண்ணப் போறீக?"

"ஏலச்செடி எடுக்கணும்."

"ஏலச்செடி ஓடாதே சார்!"

இணையத்தில் கண்ட மலிவான கேமராவின் விவரங்களைக் காட்டினேன். எனது நான்கு தகுதிகளும் அதில் இருந்தன. படம் அவ்வளவு துல்லியம் என்பதற்கு 4K, போர் கே, என்று பெரிய எழுத்தில் வேறு போட்டிருந்தது.

"டப்பாவுல எழுதுறதுக்கு யாரு சார் காசு கேக்குறா? சின்னப் படத்த இழுத்துப் பெருசாக்கிப் போர் கேம்பான். நெறத்தையும் ஏத்தி விட்டுருவான். பாக்குறதுக்குப் பளிச்சுன்னு இருந்தா வாங்குவாகள்ல. இது பழசுதான். ஆனா உள்ளத உள்ளபடி காட்டும்."

நிறம் எனது நான்கு தகுதிகளில் இல்லை. இல்லாத தகுதிக்காக விலை கூடியதை வாங்கினால் காரணம் எழுத வேண்டும். இணையத்தில் ஆர்டர் போட்டேன்.

வைகாசித் தொடக்கத்தில், மழைக்கு முன், அதைக் கட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் ஜீப்பில் ஏறினேன். ஜீப்புக்கு அனுமதித்த ஆள் எண்ணிக்கை எனக்குத் தெரியும். அன்று உள்ளே இருந்த எண்ணிக்கையும் தெரியும். இரண்டையும் பற்றிப் பேசாமல் ஓரத்தில் ஒடுங்கினேன். எதிரே இருந்த பெண் என் நெஞ்சைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம், "பெருசுக்கு ஹார்ட்டுக்கு மிஷினு மாட்டி விட்டுருக்காக போல," என்றாள்.

"ஹார்ட்டு உள்ளுக்குள்ள வேல செய்யலைனா வெளிய ஒண்ணு வைப்பாகளோ?"

"சும்மா இருங்கடி, பதிவாயிரப் போகுது," என்றாள் விவரம் தெரிந்த இன்னொருத்தி.

பதிவாகியும் இருந்தது. அந்தப் பயணத்தில் சரியாக வந்த ஒரே பகுதி அதுதான்.

தோட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மை. பழுப்பு நிறம் எனக்குத் தெரியும். சரிவு முழுக்கத் தட்டைகள் மடிந்து கிடந்தன. நிழல் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு வெயிலுக்கு வழி விட்டிருந்தன. நீல டிரம்முக்குப் பக்கத்தில் மட்டும் அந்தச் செடி நின்றது, கூச்சமில்லாமல். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல், "மழ பெய்தா செரியாகும் சாரே," என்றார். தம்பி சொல்லி அனுப்பியபடி வரிசை வரிசையாக நடந்து, குனிந்து, இரண்டு கையாலும் விலக்கி விலக்கிக் காட்டினேன்.

மறுநாள் தம்பி வீட்டு டிவியில் போட்டோம். திரை முழுவதும் பச்சை. கிளிப்பச்சை. நான் மிதித்து வந்த மண்ணில்கூட லேசாகப் பச்சை ஏறியிருந்தது. தம்பி மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி, எம்புட்டு செழிப்பு! இதையா காஞ்சு போச்சுங்கிறாக?"

தம்பி கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"சத்தத்தக் கூட்டு," என்றான்.

கூட்டினேன். என் காலடி கேட்டது.

"அண்ணே, நீ எதுமேல நடக்குற?"

"தரையிலதான்."

"அப்பளக் கடைக்குள்ள யானை பூந்த மாதிரில்ல இருக்கு. நல்லா இருக்குற ஏலக்காட்டுல காலடிச் சத்தமே கேக்காது. பஞ்சு மாதிரி இருக்கும்." கண்ணைத் திறந்தான். "நீ கண்ணால பாத்தது என்ன நெறம்? உள்ளதச் சொல்லு."

"பழுப்பு," என்றேன்.

தலையை ஆட்டினான். அவன் மனைவி டிவியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"மேல செத்துப்போச்சு. அடியில உசுரு இருக்கானு மழைக்குப் பொறகுதான் தெரியும். மழை விழுந்து ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ போ. சிம்பு வெடிச்சிருந்தா விக்கல. வெடிக்கலைனா வித்துருவோம். ஆனா இந்தப் பச்சை வேணாம்ண்ணே. இதுல உசுரும் ஒரே நெறம், பொணமும் ஒரே நெறம்."

கேமராவில் நிறத்தை மாற்றும் வசதிகள் இருந்தன. இயல்பு என்று ஒன்று, துடிப்பு என்று ஒன்று. இயல்பு பச்சையாகவும் துடிப்பு மேலும் பச்சையாகவும் இருந்தன. கம்பெனியின் நிபந்தனைகளைப் படித்தேன். குறையுள்ள கருவியை மூலப் பெட்டியோடு திருப்பி அனுப்பினால் ஏழு வேலை நாளுக்குள் மாற்றுக் கருவியோ பதிலோ தரப்படும் என்று இருந்தது. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் இட்டு ஒரு புகார் எழுதினேன். வாழைத்தாருக்கும் வாழைச்சருகுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதற்குச் சோதனைப் படங்களும் இணைத்தேன். குறையற்ற புகார் அது. கேமராவைப் பெட்டியோடு அனுப்பினேன்.

ஏழு வேலை நாள் கழிந்தது. முதல் நினைவூட்டு அனுப்பினேன். மழை தொடங்கியது. ஜன்னலுக்கு அப்பால் மலை மேகத்துக்குள் போய்விட்டது. தம்பி தினமும் ஒரே கேள்வியைக் கேட்டான்.

"பதில் வந்துச்சாண்ணே?"

"பரிசீலனையில இருக்கு."

தம்பி மனைவிதான் ஒரு நாள் சொன்னாள். "மாமா, அது வர்றப்ப வரட்டும். அந்த ஸ்டுடியோக்காருட்ட ஒண்ணு இருக்குன்னீகளே, வெரசா அத வாங்கியாந்துருங்க. இவுக ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறாக."

"புகார் நிலுவையில இருக்கும்போது அதே பொருளை ரெண்டாவது தடவ வாங்கக் கூடாதும்மா. வாங்குனா மொதப் புகார் வலுவிழந்து போயிரும்."

கம்பெனியின் நிபந்தனைகளில் அப்படி எதுவும் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அவள் என்னிடம் எந்த விதி என்று கேட்கவில்லை. அலுவலகத்திலும் யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது நினைவூட்டும் போனது. ஆனி கடைசி வாரம் வியாபாரி ஆளனுப்பினார். அன்று ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"அது அப்பவே போயிருச்சே சார்! தேவாரம் ஊர்க்காரரு ஒருத்தரு வாங்கிட்டுப் போனாரு. அவரு தோட்டத்துக்குள்ள யானை வருதுன்னு சொன்னா பாரஸ்ட் ஆபீசுல நம்ப மாட்டேங்கிறாகளாம். ஆதாரம் எடுக்கணும்னாரு."

மறுநாள் போனை பாலிதீன் உறையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். சூப்பர்வைசர் வேறு தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி வரவில்லை. ஜீப் டிரைவர் லோடுக்குத் திரும்பிவிட்டார். ஒரு கையில் கம்பும் ஒரு கையில் போனுமாகச் சரிவில் இறங்கினேன். இரண்டு முழம் தள்ளி இருந்த செடி மேகத்தில் தெரியவில்லை. தட்டையை விலக்கக் கம்பைக் கீழே வைத்தேன். கம்பு உருண்டு போனது. நானும் கொஞ்ச தூரம் அதன் பின்னால் போனேன். விழுந்த இடத்தில், என் முகத்துக்கு அருகில், சின்னதாக, கூராக ஏதோ முளைத்திருந்தது. அது சிம்பா, காட்டு இஞ்சியா என்று எனக்குத் தெரியாது. படம் எடுத்தேன். உறைக்குள் ஆவி படர்ந்திருந்தது.

தம்பி போனை இடது கையில் வாங்கி, அருகில் வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தான்.

"மேகத்த நல்லா எடுத்திருக்க."

"நான் பாத்தேன் தம்பி. ஏதோ மொளச்சிருந்துச்சு."

"ஏதோன்னா?"

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். என் முழங்கையில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்தான்.

"விடுண்ணே. வித்துருவோம்."

என் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதினோம். நடமாட முடியாதவர் வீட்டுக்குச் சார்பதிவாளர் வர வழியுண்டு, மனுக் கொடுத்தேன், சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தார். தம்பியின் இடது பெருவிரலைப் பிடித்து ரேகை வைக்கச் செய்தார்கள். பட்டம் வாங்கியவன், மை படிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஆனி முடிவதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க் கிரயத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

ஆடிக் காற்று வீசத் தொடங்கியபோது வியாபாரியைக் காபிக் கடையில் பார்த்தேன். மகிழ்ச்சியான மனிதர், மறைக்கத் தெரியாதவர். "சார், தூருக்கு ஏழெட்டுச் சிம்பு வெடிச்சு நிக்குது. உங்க தம்பி கைராசி," என்றார். காபிக்கும் அவரே பணம் கொடுத்தார்.

தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். அவசியம் இருக்கவில்லை. பழைய சூப்பர்வைசர் இப்போது புது முதலாளியிடம் சேர்ந்திருந்தார். பழக்கத்திலோ பிரியத்திலோ ஒரு படம் அனுப்பியிருந்தார். செடி, பின்னால் நீல டிரம். "கொழப்பமில்ல முதலாளி."

"இந்தத் தடவ நெசமாத்தான் சொல்றான்," என்றான் தம்பி. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னான். சாரல் இல்லை. சாத்தினேன்.

பிறகு ஒரு காலையில் பார்சல் வந்தது. உள்ளே புதிய கேமராவும் ஒரு கடிதமும் இருந்தன. புகாரைக் கவனமாக ஆராய்ந்ததாகவும், படங்களில் காணும் நிறம் வடிவமைப்பின்படியே அமைந்தது, குறையல்ல என்றும், இருப்பினும் வாடிக்கையாளர் மனநிறைவைக் கருதி அதே வகைக் கருவியை மாற்றித் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். எங்கள் மலைப் பயணங்கள் இனிதாக அமைய வாழ்த்தும் இருந்தது. பழைய வழக்கப்படி கடிதத்தின் மேல் மூலையில், பெறப்பட்டது என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டு, நாளைக் குறித்தேன்: ஆவணி முதல் தேதி.