ரோஸ்மேரி மணக்குதாப்பா?

ஜெர்மனியின் வடக்கே ப்ரேமன் நகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படி ஜன்னலில் ஒரு ரோஸ்மேரித் தொட்டி இருக்கிறது. எதிர்வீட்டு ஹெல்கா காலையில் இறங்கும்போது அதன் இலைகளை ஒருமுறை வருடிவிட்டு, விரல்களை முகர்ந்துகொண்டே தெருவுக்குப் போவாள். துளசியைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செடியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகிறவளை இங்கேதான் பார்த்தேன். நான் வந்த புதிதில் ஒருநாள் என்னை நிறுத்தி வேகமாக என்னவோ சொன்னாள். 'வாசனை', 'உன் சமையலறை' என்ற இரண்டும்தான் எனக்குப் பிடிபட்டன. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இரண்டு வாரம் கடுகுகூடத் தாளிக்கவில்லை. மூன்றாவது வாரம், வேர்விட்ட ஒரு கிளையைத் தயிர் டப்பாவில் நட்டு என் கதவருகே வைத்திருந்தாள். சமையலறை ஜன்னலில் வைத்தால் வீடே மணக்கும் என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருக்கிறாள். வைத்தேன், மணந்தது.

போன ஆகஸ்டில் விடுப்பில் தென்காசிக்குப் போனபோது சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். தனியாகவே பொங்கிச் சாப்பிடுகிறார். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஈரத்துணியும் பூசணமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. இதில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சாரல் நேரத்தில் எல்லார் வீடும் இப்படித்தான் என்றார். ஊதுபத்திப் புகை அவருக்கு இருமலைக் கொண்டுவரும். அந்த வாரம் இருவரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். திரும்பும் வழியில் ரோட்டோரச் செடிக்கடையில், கறுப்பு பிளாஸ்டிக் கவரில் ரோஸ்மேரி நிற்பதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

கடைக்காரர், "தலைக்குத் தண்ணி காய்ச்சி அடிக்கதுக்கா? எல்லாரும் அதுக்குத்தான் வாங்குதாவ" என்றார். வீட்டுக்குள் வாசனைக்கு வைக்கப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டு, மலைச்செடி என்பதால் தண்ணீரை அள்ளி ஊற்றக் கூடாது என்று மட்டும் எச்சரித்தார். கிழக்கே பார்த்த அடுக்களை ஜன்னலில், வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தேன். மண் காய்ந்த பிறகு தண்ணீர், தினமும் இலையை ஒருமுறை தடவி விடுவது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோய், "நல்லாருக்குட்டி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டுக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான் என்று நினைத்தேன்.

ப்ரேமன் திரும்பிய பிறகு, தினமும் போனில் பேசும்போது ரோஸ்மேரி மணக்குதாப்பா என்று கேட்பேன். அடுக்களை முழுக்கக் கமகமன்னு இருக்கு என்பார். நிம்மதியாகப் போனை வைப்பேன்.

நவம்பரில் ஒருநாள், ஆஸ்பத்திரியில் காலை இடைவேளையின்போது பக்கத்து வீட்டுச் சண்முகத்தக்காவைக் கூப்பிட்டேன். நான் அங்கே நர்ஸ்; அந்தப் பதினைந்து நிமிடம்தான் எனக்குச் சொந்தமான நேரம். அக்கா சுரண்டைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள். அப்பாவின் செடியை வாயாரப் புகழ்ந்தேன்.

"அது பட்டுப்போயி மாசம் ஒண்ணாச்சுல்லா. தெனமும் தண்ணிய ஊத்தி ஊத்தி வேரு அழுகிப்போச்சு. நான்தான் தூக்கிப் போட்டேன்."

என் மனம் நோகக்கூடாதென்று அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அக்கா நிறுத்தவில்லை. முந்தாநாள் பால் பொங்கித் தீய்ந்து தெருவரைக்கும் நாறியதாம். அப்பா அடுத்த அறையிலேயே பேப்பர் படித்துக்கொண்டு இருந்தாராம். போன வாரம் ஊசிப்போன சாம்பாரைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தாராம். அவள்தான் தட்டை வாங்கினாளாம். காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரியாமல் போன நோயாளிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெற்ற தகப்பனிடம் பார்க்கத் தெரியவில்லை. அடுத்த கணம் அடுக்களையில் நிற்கும் கேஸ் சிலிண்டர் ஞாபகம் வந்தது. எனக்குக் காலை பத்தரை என்றால் அங்கே மூன்று மணி. அப்பா டீ போட அடுப்புப் பற்றவைக்கும் நேரம்.

அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறு தடவை முழு மணியும் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அக்காவைப் பிடித்தேன். தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்வதாகச் சொல்லித் துண்டித்தாள். உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். எனக்கு ஜெர்மன் மொத்தமும் மறந்துவிட்டது. "மைன் ஃபாட்டர்... காஸ்" என்றேன். அப்பா, கேஸ். அவள் காதில் அது 'காஸ்ட்' என்று விழுந்திருக்கிறது. விருந்தாளி. அப்பா வருகிறாரா, எவ்வளவு நல்ல செய்தி என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோள்மேல் முகத்தை வைத்தபடி கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து அண்ணாச்சியே பேசினார். வாசலிலேயே கேஸ் வாடை மூக்கைத் துளைத்ததாம். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது; கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அப்பா அணைந்த அடுப்பை மறுபடி பற்றவைக்க லைட்டரைக் கையில் எடுத்துவிட்டாராம். அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அது கீழே விழுந்ததாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டிருக்கிறார். அப்பாவின் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்திருக்கிறது.

அப்புறம் அப்பா பேசினார். ஒரு ஸ்டேஷனையே அதட்டிய குரல் அது, அன்றைக்கு எழும்பவில்லை.

"ஒங்கம்மை போன பிறகு ஒரு காய்ச்சல் வந்துச்சுல்லா, அதோட போச்சுட்டி. எதுவும் மணக்காது."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுட்டு இங்கன வந்து நிப்ப."

நான் அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "அந்தச் செடி எப்படித்தாம்ட்டி மணக்கும்?" என்று கேட்டார். தைலம் மாதிரி, கொஞ்சம் கற்பூரம் மாதிரி என்று உளறினேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே அக்காவும் அண்ணாச்சியும் கேஸை ஒப்படைத்துவிட்டு, கரண்ட் அடுப்பு வாங்கிவைத்தார்கள். மத்தியானச் சோறு அக்கா வீட்டிலிருந்து போகிறது. ஆபத்து நீங்கிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் பயம் மட்டும் நீங்கவில்லை. ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். இன்னும் எதையெல்லாம் எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறாரோ என்று, அவர் சிரிக்கும்போதுகூடச் சந்தேகமாக இருக்கிறது.

போன வாரம் ஆஸ்பத்திரி ஓய்வறையில் தனியாக இருந்தேன். திடீரென்று கருகல் வாடை வந்தது. உடனே சண்முகத்தக்காவைக் கூப்பிட்டு, என்னமோ கருகுது, அப்பாவை ஓடிப்போய்ப் பாருங்கள் என்றேன். அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, அவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகச் சொன்னாள்.

"இங்கன ஒரு வாடையும் இல்லட்டி. ஒனக்கு எங்கன அடிக்கி?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒரு கை தூரத்தில், யாரோ ரொட்டி வைத்துவிட்டு மறந்துபோன டோஸ்டரிலிருந்து கறுப்பாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.