இன்னொருக்கச் சொல்லு

இல்லை, உடனே அழவில்லை. கம்பம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசிய பெண், "எஸ்தர் அக்கா காலையில போயிட்டாக" என்றாள். "சரி" என்றேன். எந்தக் குரலில் சொன்னேன் என்று அவள் கவனித்திருக்க மாட்டாள். அக்காவாக இருந்தால் கவனித்திருப்பார். முன்பென்றால்.

அவரோடு டிரங்க் போர்டில் உட்கார்ந்து வெளியூர் அழைப்புகளை இணைத்த உங்களுக்கு அவர் காதைப் பற்றித் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். காமயகவுண்டன்பட்டித் திராட்சை வியாபாரி ஒருவர் கோட்டயத்துக்குப் பேசினார். பேசவில்லை, ஏசினார். மூன்று நிமிடம் ஆனதும் துண்டிக்கக் கை வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுடி. கோவமில்ல அது, பயம்."

"இப்பிடிக் கத்துறாரேக்கா?"

"சத்தத்தப் பாக்காத. மூச்சு எங்கன நிக்குதுன்னு கேளு."

கேட்டேன். ஒவ்வொரு வசவுக்கும் முன்னால் மூச்சு ஒருகணம் நின்றது. லாரி போய்ச் சேரவில்லை. அதில் அவர் மகன் இருந்தான். மலைப்பாதையில் வண்டி பழுதாகி நின்றதென்று சாயங்காலம் தெரிந்தது. மறுநாள் அவர் ஒரு கூடைத் திராட்சையோடு வந்து, "நேத்துக் கத்துனது நாந்தான்" என்றார். "இன்னைக்கு மெதுவாச் சொன்னாலும் தெரியுதுய்யா" என்றார் அக்கா.

இதை எங்கே கற்றீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"கத்துக்கிறதென்ன? கைப்புள்ளைக்குக் குரல் மட்டுந்தான் தெரியும். பேசப் பழகுனதும் சொல்ல நம்பிருதுக. பல்லக் கடிச்சுக்கிட்டு 'நல்ல புள்ள'ன்னு சொல்லு, அஞ்சு வயசுப் புள்ள சிரிக்கும். மறுபடி குரலுக்கு வந்து சேர வருசக்கணக்காகும். எம்.ஏ. படிச்சவளே, நீ இன்னும் பாதி வழியிலதான் நிக்கிற."

திருமணமாகி நான் தேனிக்கு மாறினேன். ஓய்வுக்குப் பின் அவர் தம்பி வீட்டில் இருந்தார். முன்பக்கம் தம்பியின் கடை, அங்கே போன். ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் வரும் நேரம் பார்த்துப் பேசுவேன்.

சென்ற ஆண்டு, ஐந்து மாதக் கரு கலைந்து வீட்டுக்கு வந்த மறுநாளும் பேசினேன்.

"எப்பிடி இருக்க ஆத்தா?"

"நல்லாருக்கேங்க்கா."

அதற்கு மேல் வரவில்லை. மீதியை என் குரலில் அவர் கேட்டுக்கொள்வார் என்றிருந்தேன்.

"என்ன? இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன். ரிசீவர் எதிலோ உரசியது. பிறகு, "நல்லாருந்தாச் சரி ஆத்தா."

அதன்பின் நான் பேசவில்லை. எட்டு மாதம். யாருக்கும் தெரியாத கோபம்.

அடக்கம் முடிந்து அக்கா இருந்த வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி சொன்னார்: "உங்க போனை எம்புட்டோ எதிர்பாத்தாக. வார்த்தையெல்லாம் அவுகளுக்குத் தெளிவாக் கேக்கும். பேசுறவக சிரிக்கிறாகளா அழுவுறாகளான்னுதான் கடைசியில பிடிபடல போல. எங்ககிட்டச் சொல்லல. பேத்திகிட்ட மட்டும் சொல்லிருக்காக."

பேத்தி என்பது தம்பியின் மகன் வயிற்றுப் பெண். ஐந்து வயது. கேட்டதும் உற்சாகமாக நடித்துக் காட்டினாள். அக்கா போல "இன்னொருக்கச் சொல்லு" என்றாள். இல்லாத ரிசீவரைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் கேட்டு, நல்லாருக்காகளாம்னு சொல்லுவேன்."

ஐந்து வயது சொல்லைத்தான் நம்பும் என்று எனக்குச் சொன்னவரே அவர். தெரிந்தும் ரிசீவரை அவளிடம் கொடுத்திருக்கிறார். குரலறியும் காதுக்காகவே மதிக்கப்பட்டவர், அது கைவிட்டதை ஒரு குழந்தையிடம் தவிர வேறு யாரிடம் சொல்வார்? நானும்தான் சொல்லவில்லை.

"அன்னைக்கு நல்லாத்தான இருந்தீக?" என்றாள் பேத்தி.

"இல்லடா. நல்லா இல்ல."

அவள் முகம் சுருங்கியது. "அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீக?"

மூச்சு நிற்கும் இடத்தைக் கேட்கும் பழக்கம் அவர் தந்தது. அது என்னோடு இருக்கும். அந்த "இன்னொருக்கச் சொல்லு"வும் இருக்கும். அது ஒரு கேள்வி என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கடைக்குப் போய் போனை எடுத்தேன். தேனியில் என் கணவரின் அலுவலகத்துக்கு இணைப்புக் கேட்டேன். எனக்கு நன்றாக இல்லை, வந்து கூட்டிப் போங்கள் என்று சொன்னேன்.