தேதி தெரியாதவர்களுக்கான சந்தா

இணையதளம் நடத்துகிறவர் விளம்பரத்தில் பிழைக்கிறார் என்ற கருத்து நாடெங்கும் பரவியிருக்கிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பதுதான் வேதனை. இது முழுப் பிழை என்பதை உரிய பொறுப்புணர்ச்சியோடு இங்கே பதிவு செய்கிறேன். விளம்பரத்தில் பிழைப்பவை விளம்பர நிறுவனங்கள். இணையதளம் நடத்துகிறவர் தன் மனைவியின் சம்பளத்தில் பிழைக்கிறார்.

நானும் அப்படிப் பிழைத்தவன்தான். சேலையூரில் வீடு. இருபத்திரண்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அது போயிற்று. அதற்கு முன்பே, அப்பாவின் திதி என்றைக்கு என்று நாலு காலண்டரில் பார்த்து நாலு விதமாகக் கிடைத்த எரிச்சலில் ஒரு தளம் எழுதி வைத்திருந்தேன். இறந்த நாளைக் கொடுத்தால், அன்றைய தமிழ் மாதம், பிறை, திதி ஆகியவற்றைக் கணக்கிட்டு, இந்த வருடம் அது எந்தத் தேதியில் வருகிறது என்று சொல்லிவிடும். திதி நிலவோடு போவது. ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே மக்களும் வருடத்துக்கு வருடம் வந்தே தீரவேண்டும். இப்படி ஒரு நிரந்தர வாடிக்கை வேறு எந்தத் தொழிலுக்கும் இல்லை என்று மனக்கணக்குப் போட்டு, முழுநேரமாக இதில் இறங்கினேன். சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் சக நோயாளிகள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் ஒரு தேனிலவு

முதலில் நானும் விளம்பரம்தான் போட்டேன். எந்தப் பக்கத்தில் எந்த விளம்பரம் வரும் என்பது தளத்துக்காரன் கையில் இல்லை. பார்க்கிறவர் அதற்கு முன் எதைத் தேடினாரோ அது அவரைத் துரத்திக்கொண்டு வரும். குரோம்பேட்டையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மகளின் கல்யாண ஏற்பாடுகளில் இருந்தார். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் திதி வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பார்க்க என் தளத்தைத் திறந்திருக்கிறார். உடனே எனக்குப் போன் வந்தது.

கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் களைத்துப்போயிருந்தது. "சார், அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சுண்டு திறந்தேன். அப்பா பேருக்குப் பக்கத்துல 'தம்பதிகளுக்குப் பாதி விலையில் மாலத்தீவு'ன்னு வர்றது. தனியாப் போனா முழு விலையான்னு அம்மா கேக்கறா சார்."

காபி

விளம்பரங்களை எடுத்துவிட்டு, நிபுணர்கள் பரிந்துரைக்கும் இரண்டாவது வழிக்குப் போனேன்: நன்கொடை. நன்கொடை தாருங்கள் என்று நேராகக் கேட்பது நாகரிகமில்லையாம். 'எனக்கு ஒரு காபி வாங்கித் தாருங்கள்' என்று ஒரு பொத்தானை வைத்து, அதன் வழியாகப் பணம் வாங்குவதே உலக வழக்கம். வைத்தேன். நான்கு மாதத்தில் அதை யாரும் அழுத்தவில்லை. ஐந்தாவது மாதம் ஒருவர் நேரில் வந்தார். நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவர். தளத்தின் அடியில் முகவரியைப் பார்த்தேன் என்று சொல்லி, கேம்ப் ரோட்டில் ஒரு கடைக்கு என்னை அழைத்துப் போனார். இதற்காக வர வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும் என்று விளக்கினேன். "அதுல காசுதானே சார் வரும்" என்றார். காபி வந்தது, குடித்தேன்.

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மனைவியின் முதல் வருடத் திதிக்குத் தேதி பார்க்க வந்தவர் என்பது அப்போதுதான் பேச்சுவாக்கில் தெரிந்தது. எதையும் நுட்பமாகக் கேட்க எனக்கு வராது. வீட்டிலேயே காபி போட்டுக்கொள்வதில் என்ன சிரமம் என்று கேட்டுவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க தெருவுக்கு அரை லிட்டர் பாக்கெட்தான் சார் வருது. ஒரு ஆளுக்கு எவ்வளவு காபிதான் போடறது?"

குடும்பத் திட்டம்

மூன்றாவது வழி சந்தா. திதிக்குப் பத்து நாள் முன்னதாக மின்னஞ்சலில் நினைவூட்டல் போகும். தனிநபர் திட்டம், குடும்பத் திட்டம் என்று இரண்டு வைத்தேன். குடும்பத் திட்டத்தில் ஒரே சந்தாவில் ஐந்து முன்னோர் வரை சேர்க்கலாம். சந்தா சேர்ந்ததும் ஒரு வரவேற்புக் கடிதம் தானாகப் போகவேண்டும். அதற்கான வாசகத்தை ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்காக நான் முன்பு எழுதிக் கொடுத்ததிலிருந்து எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றினேன். சோம்பல்தான் காரணம், வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

முதல் குடும்பச் சந்தா படப்பையிலிருந்து வந்தது. ஏகாம்பரம் என்பவர், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இறந்த தன் அப்பாவின் பெயரைப் பதிந்திருந்தார். பத்தாவது நிமிடம் கூப்பிட்டு, தனக்கு வந்த கடிதத்தை எனக்கே நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்: 'வாழ்த்துகள்! உங்கள் அப்பா கன்னியப்பன் நம் குடும்பத்தில் இணைந்துவிட்டார்.' நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டார். "பரவால்ல சார், சேர்த்துகினது சேர்த்துகினீங்க. ரேஷன் கார்டுலயும் பேரு ஏத்திடுங்க, சக்கரையாவது வரும்."

சிவப்பு நட்சத்திரம்

இரண்டு மாதம் கழித்து, அதே குடும்பச் சந்தாவில் இரண்டாவது பெயரைச் சேர்ப்பதற்காக ஒரு பெண் கூப்பிட்டார். பெயர் கற்பகம். ஏகாம்பரத்தின் அண்ணன் மனைவி. பொழிச்சலூரில் மகளோடு இருக்கிறார். குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. படிவத்தில் தேதி போடாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறது என்றார். தேதிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது, அது கட்டாயம் நிரப்ப வேண்டியது என்று விளக்கினேன். "இறந்த தேதி தெரியாதாம்மா?" என்று கேட்டேன்.

"இறந்தாரான்னே தெரியாது சார்."

கணவர் தேவராஜ் பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினார். எட்டு நாள் கழித்து ஸ்கூட்டர் தாம்பரம் ஸ்டேஷன் வண்டி நிறுத்தத்தில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் நிறையப் போகிறது, காரியம் செய்ய வேண்டும், அண்ணன் பெயரையும் பதிந்து வையுங்கள் என்று கொழுந்தன் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும் கற்பகம் கேட்டார், "தேதி போடாம பதிஞ்சா உங்க மெயில் வருமா?" வராது, எதை வைத்து வரும் என்றேன். "அப்ப அந்த ஸ்டாரை மட்டும் எடுத்துக் குடுங்க சார்." நினைவூட்டல் தளம் இருப்பதே நினைவூட்டத்தான் என்று நான் ஒரு சிறு சொற்பொழிவுக்குத் தயாரானேன். அவர் குறுக்கிட்டார். "பதிஞ்சாச்சான்னு வாரா வாரம் கேக்கறாங்க. ஆச்சுன்னு நான் சொல்லணும். ஆனா எனக்கு யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது."

பதினைந்து நிமிடம்

நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன். அவரும் தேதியில்லாமல் பதிந்தார். அந்தச் சமயத்தில்தான் நான்காவது வழியில் கால் வைத்தேன்: கட்டணத் தொலைபேசி ஆலோசனை, பதினைந்து நிமிடம். தினமும் ஓசியில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அதே கேள்விகளுக்குக் கட்டணம் வைத்ததும் மக்கள் அவற்றைக் குறிப்பெடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஏகாம்பரமும் பணம் கட்டி நேரம் வாங்கினார். "அண்ணன் பேரு லிஸ்ட்ல கீது சார். ஆனா மெயிலே வரல. என்னிக்கி செய்யறது, இன்னா கணக்கு, நீங்களே சொல்லிடுங்க."

தெரிந்த விஷயத்தைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. இந்தக் குணத்தால் நான் இழந்த நண்பர்கள் பலர். காணாமல் போனவருக்குச் சட்டத்தில் ஏழு வருடம், சாஸ்திரத்தில் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டையும் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து எண்ணக் கூடாது, அவரைப் பற்றிக் கடைசியாகச் செய்தி வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று நான் படித்திருந்ததை எல்லாம் ஒப்பித்தேன். "செய்தி இன்னா சார் செய்தி? வண்டி கெடைச்சுது. அத்தோட சரி" என்றார். அப்படியானால் வருகிற ஆனியில் நிறைகிறது என்றேன். தர்ப்பையில் உருவம் செய்து தகனம் செய்வதுவரை சொன்னேன். பதினைந்து நிமிடத்தில் இன்னும் நாலு நிமிடம் மிச்சமிருந்தது. அவர் போனை வைக்கவில்லை.

"அண்ணி பொட்ட அழிக்கணும்னா சார் நா சொல்றேன்? அவங்க இஷ்டத்துக்கு இருக்கட்டும். அம்மாக்கு எம்பத்திரண்டு. 'நா போறதுக்குள்ள அவனுக்கு ஒரு வாய் தண்ணி வுட்டுட்றா'ன்னுது. தெனமும் சொல்லுது சார். தெனமும்."

ஒரு புதிய கட்டம்

அந்தப் பேச்சுக்குப் பிறகு என் படிவம் குறையுள்ளதாகத் தோன்றியது. 'காணாமல் போனவர்கள்' என்று ஒரு பிரிவு சேர்த்து, 'கடைசியாகச் செய்தி வந்த நாள்' என்று ஒரு கட்டமும் வைத்தேன். பன்னிரண்டு வருடம் இந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்று கீழே ஒரு வரிக் குறிப்பும் போட்டேன். தேவராஜ் பெயருக்கு நேரே ஸ்கூட்டர் கிடைத்த நாளை நானே நிரப்பினேன். அவ்வளவு துல்லியமான படிவம் வேறெந்தத் தளத்திலும் இராது என்று அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன்.

மறுவாரம் கற்பகம் சேலையூருக்கே வந்துவிட்டார். ஐம்பதைத் தொடும் வயது. நெற்றியில் நல்ல வட்டமாகக் குங்குமம். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அந்தச் செய்தி வந்த நாளை மாத்தணும் சார். போன தை மாசம் அவரைப் பார்த்தாங்க" என்றார்.

"யார் பார்த்தது?"

"நான்தான். பஸ்ல கடைக்குப் போய்ட்டிருந்தேன். பல்லாவரத்துல வெள்ளிக்கிழமை சந்தை. பழைய மிக்ஸி எல்லாம் விப்பாங்களே, அங்க நின்னுட்டிருந்தார்."

"இறங்கவில்லையா?"

"கூட்டம் சார்."

"வீட்டில் சொன்னீர்களா?"

"இப்ப சொல்லப்போறேன்."

கணவரை ஒரு வருடத்துக்குமுன் பார்த்துவிட்டு, பேருந்திலிருந்து இறங்காமல், யாரிடமும் சொல்லாமல் ஒருவர் இருந்திருக்க முடியுமா என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. என்ன சட்டை போட்டிருந்தார் என்று மட்டும் கேட்டேன். அவர் என் கணினியைப் பார்த்தார். "சார், நான் ஒரு தேதி சொன்னா உங்க கம்ப்யூட்டர் இப்படியெல்லாம் கேள்வி கேக்குமா?" கேட்காது என்றேன். "அப்ப நீங்களும் கேக்காதீங்க."

தானாகப் போகும் கடிதம்

தேதியை மாற்றினேன். என் தளத்தில் எதை மாற்றினாலும் சந்தாதாரருக்குத் தானாக ஒரு கடிதம் போகும். ஏகாம்பரத்துக்கும் போயிற்று: பன்னிரண்டு வருட நிறைவு ஏறக்குறைய பதினோரு வருடம் தள்ளிப்போயிருக்கிறது என்று. அன்றைக்கே கூப்பிடுவார், நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மாதம் கழித்துத்தான் கூப்பிட்டார்.

"அண்ணிக்கு இந்தச் செய்தி வந்த நாள் கணக்கெல்லாம் சொல்லிக் குடுத்தது நீங்கதானே சார்" என்றார். தளத்தில் எழுதியிருக்கிறது, எல்லோரும் படிக்கலாம் என்றேன். ஒழுங்கான பதில்தான், சொல்லும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. "வுடுங்க. அண்ணி பார்த்துதா பாக்கலியான்னு நா கேக்கல. பதினோரு வருசமா அது ஒண்டியா கீது, சொல்லிட்டுப் போவட்டும். நா பண்ண தப்பு, அம்மா கைல சொல்லிட்டேன்."

அம்மா அழவில்லையாம். காரியத்தைப் பற்றி அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். வெள்ளிக்கிழமை காலை புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். படப்பையிலிருந்து பல்லாவரம் சந்தைக்கு வண்டி வைத்து அழைத்துப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் போகிறார்கள். "பழைய மிக்ஸி விக்கற எடத்தாண்ட ஸ்டூல் போட்டுக் குடுத்தாங்க சார், கடைக்காரங்க. போற வர்ற ஆம்பளைங்க மூஞ்சியெல்லாம் பாத்துகினு உக்காந்துகினு கீது. வெயிலு வேற."

விளம்பரமில்லாமல் ஒரு இணையதளம் சம்பாதிக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வேன்: தாராளமாக முடியும், என்ன விற்றோம் என்பது மட்டும் விற்ற பிறகுதான் தெரியவரும். ஏகாம்பரம் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டிருக்கிறார். கற்பகம் வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, மாமியாருக்கு மோர் வாங்கிக் கொடுத்து, வெயில் ஏறும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, பதினொரு மணிக்குத்தான் கடைக்குப் போகிறார்.