புதன்கிழமைத் தண்ணீர்

தொண்ணூறுகளில் சதுரங்கப்பட்டினத்துப் பூங்காவனம் கல்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். மீன் காயாமலிருக்க அடிக்கடி தண்ணீர் தெளிப்பாள். தான் மட்டும் ஒரு மிடறுகூடக் குடிக்கமாட்டாள். பெண்கள் ஒதுங்க அங்கே இடமில்லை.

நீர்க்கடுப்பு தாங்காமல், பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் புதன்தோறும் வரும் நர்ஸ் ஷஹர்பானுவிடம் போனாள்.

“இன்னாக்கா, தண்ணியே குடிக்கமாட்டியா?”

“குடிச்சுட்டு எங்க போறது நர்சம்மா? உன் மடிலயா?”

ஷஹர்பானு சிரித்துவிட்டாள். மாத்திரையோடு பின்பக்கக் கழிப்பறைச் சாவியையும் நீட்டினாள்.

“மத்த நாள்ல ஆஸ்பத்திரி கேட்டே பூட்டிகினு கீது. நா வர்ற புதங்கெழமயாவது வயிறு முட்டக் குடி.”

அன்று உச்சிவெயிலில் பூங்காவனம் ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். மற்ற ஆறு நாளும் மீனுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் அடுத்த புதனை நினைத்துக்கொள்வாள்.